நாலு தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு

சங்கரன்கோவிலிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இங்கிலீஷ் என்றாலே வயிறு கலங்கி நிற்கும் என் பிள்ளைகளுக்கு,

உங்கள் டீச்சர் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மீதிப் பேருக்கும் என்னைத் தெருவில் பார்த்த பழக்கம் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் சாயங்கால வகுப்பை நான் விடவில்லை. இந்தக் கடிதத்தை அந்த வகுப்பில் வாய்ச்சொல்லாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்புக்கு வராத பிள்ளைகள்தான் இதை அதிகம் படிக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு நேர்காணல் முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என் வீட்டுக்கு வந்திருந்தாள். முகம் வாடிப் போயிருந்தது. "என்ன தாயி?" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். அவள் அப்பா விசைத்தறித் தொழிலாளி. நாலு தறி ஓட்டுகிறவர். இவளும் தைரியமாக, "மை ஃபாதர் இஸ் டிரைவிங் ஃபோர் லூம்ஸ்" என்று சொல்லியிருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டு, "தறியில ஏறி உங்க அப்பா எந்த ஊருக்கும்மா போறாரு?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கேட்ட எந்தக் கேள்விக்கும் இவளுக்கு வாய் திறக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், ஓட்டுன்னா டிரைவ்னுதான நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்க?"

ஆமாம், நான்தான் எழுதிப் போட்டேன். ரன் என்றால் ஓடு, டிரைவ் என்றால் ஓட்டு, வாக் என்றால் நட. ஒரு நாளைக்குப் பத்துச் சொல், மறுநாள் காலையில் ஒப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியல் பரீட்சைக்குக் கை கொடுத்தது. உங்களில் எத்தனையோ பேர் அதை வைத்துப் பாஸாகியும் இருக்கிறீர்கள். ஆனால் ஒரு பிள்ளை தன் அப்பாவின் தொழிலை நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய இடத்தில் அதே பட்டியல் அவளைக் கைவிட்டது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் சின்னதுதான். "மை ஃபாதர் ரன்ஸ் ஃபோர் லூம்ஸ்." டிரைவ் என்ற இடத்தில் ரன் வந்தால் போதும், யாரும் சிரித்திருக்க முடியாது. பஞ்சு நூலும் ஆலையும் கொழித்த இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கும் அது குற்றமில்லாத வாக்கியம்.

இந்த ரன் என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும் பேசப் போகிறேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று தோன்றலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியுமா? 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தார். 2011இல் இந்தச் செய்தி வெளியே வந்தது. அதற்கு முன்னால், 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள் கொடுத்திருந்தார்கள். இப்போது ரன் அதைத் தாண்டிப் போய்விட்டது.

645 என்றதும் நோட்டை மூடிவிடாதீர்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்த ஒரு வெள்ளைக்காரர்கூட உலகத்தில் இருக்க மாட்டார். அவர்கள் வீட்டுக் குழந்தை அந்தச் சொல்லை எப்படிக் கற்றதோ, அதே வழியில் நீங்களும் அதில் பெரும்பகுதியைக் கற்று வைத்திருக்கிறீர்கள். தமிழில் கற்றிருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தறிக்கூடத்துக்கு என்னோடு வாருங்கள். உள்ளே நுழையும் முன்பே சத்தம் வந்துவிடும். ஊடை நூல் சுற்றிய தாரைச் சுமந்துகொண்டு ஒரு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. கண்ணால் பிடிக்க முடியாத வேகம். தரை அதிர்கிறது. முகத்தில் பஞ்சுத் தூசி படிகிறது. அங்கே இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். "தறி ஓடுதா?" "மூணு ஓடுது, ஒண்ணு நிக்கு." "நேத்து எத்தன மீட்டர் ஓடிச்சு?" "நாடா சரியா ஓட மாட்டேங்குது." "தார் தீந்துட்டு." "நாள் முழுக்க அவரு ஒத்த ஆளா ஓட்டுதாரு." திடீரென்று கரண்ட் போகிறது. தெருவே ஊமையாகிவிடுகிறது. எல்லாரும் திண்ணைக்கு வருகிறார்கள். "எப்ப வருமோ? ஓடுனாத்தான கூலி" என்று ஓர் அம்மா சொல்கிறார்.

தறிக்கூடத்தில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓடு என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு முறையாவது யாராவது காலால் ஓடினார்களா?

ஊருக்குள் வந்தாலும் அதே சொல்தான். சாயங்காலம் செங்கோட்டையிலிருந்து கிளம்பி நம் ஊர் வழியாகச் சென்னைக்குப் பொதிகை ரயில் ஓடுகிறது. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. ஓடை என்ற பெயரே அந்த ஓட்டத்தில் பிறந்ததுதான். ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. பொழுது ஓடுகிறது. கடை நன்றாக ஓடுகிறது. ஒருவருக்குப் பாட்டு ரத்தத்திலேயே ஓடுகிறது. தியேட்டரில் படம் ஓடுகிறது. 1944இல் வந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்து ஓடியதை உங்கள் தாத்தாமார் இன்னும் சொல்வார்கள். இந்த வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோங்கள். ரயில், தண்ணீர், கடிகாரம், மீட்டர், படம், தறி, ரத்தம் எல்லாவற்றுக்கும் அங்கேயும் ரன்தான். ஆயிரக்கணக்கான மைல் தூரம், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள். இருந்தும் மனுஷர் பார்த்த காட்சி ஒன்றாக இருந்திருக்கிறது.

அந்தக் காட்சி எது என்பதுதான் முக்கியம். அதைப் பிடித்துவிட்டால் பட்டியல் தேவையில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவில் கோமதி அம்மன் தேரை வடம் பிடித்து இழுத்தவர்கள் உங்களில் நிறையப் பேர். நானும் சின்ன வயதில் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டவள்தான். அந்தத் தேர் என்ன வேகத்தில் போகும்? ஓர் அடி நகரும், நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். மறுபடியும் இழுப்பார்கள். பால்குடி மறந்த குழந்தைகூட அதைவிட வேகமாக நடக்கும். ஆனாலும் அதற்கு நாம் வைத்த பெயர் தேரோட்டம். 'தேர்நடை' என்று யாரும் சொன்னதில்லை. ஏன்? ஓடு என்ற சொல்லின் உயிர் வேகத்தில் இல்லை. தனக்கென்று ஒரு தடம் இருக்கிறது, அந்தத் தடத்தில் விடாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதுதான் ஓட்டம். தேருக்கு ரத வீதி தடம். நாடாவுக்குப் பாவு நூல் தடம். ரயிலுக்குத் தண்டவாளம். தண்ணீருக்கு ஓடை. கடைக்குத் தினசரி வியாபாரம். இங்கிலீஷ் ரன்னின் உயிரும் இதேதான். ஒரு நிறுவனம் ரன் ஆகிறது, ஒரு சாலை ஆற்றங்கரையோரமாக ரன் ஆகிறது, ஓர் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு ரன் ஆகிறது. எல்லாவற்றிலும் ஒரு தடம் இருக்கிறது, அதில் நிற்காத போக்கு இருக்கிறது.

கைத்தறிக் காலத்தில் 'பாவு ஓடுவது' என்று ஒரு வேலை உண்டு. நூலைக் கையில் பிடித்துக்கொண்டு முளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் வலிக்க வலிக்க நடப்பார்கள். ஆனால் அந்த வேலைக்குப் பெயர் ஓடுவதுதான். நான் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இப்போது அந்தப் பெண்ணின் வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன். அவள் எங்கே தவறினாள் என்பதை நான் பல நாள் யோசித்தேன். தவறுக்குக் காரணம் அவள் அறியாமை இல்லை, அவளுடைய தமிழ் இலக்கண அறிவு. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லே மாறும். ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. மாறு, மாற்று. அதுபோல ஓடு, ஓட்டு. தறி தானாக ஓடினால் ஓடுகிறது, அப்பா அதை ஓடச் செய்தால் ஓட்டுகிறார். எனவே ஓடு என்பதற்கு ரன் என்றால், ஓட்டு என்பதற்கு வேறு சொல் இருக்க வேண்டும் என்று அவள் மனசு சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது. நான் போர்டில் எழுதிப் போட்ட டிரைவ் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் இங்கிலீஷில் ரன் என்ற சொல் ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும் உருவம் மாறாமல் நிற்கும். "தி லூம் ரன்ஸ்" என்றால் தறி ஓடுகிறது. "ஹி ரன்ஸ் தி லூம்" என்றால் அவர் தறியை ஓட்டுகிறார். சொல் அதே சொல், அது உட்காரும் இடம்தான் அர்த்தத்தைச் சொல்லும். இதை நான் முப்பது வருடம் வகுப்பில் ஒரு நாளும் இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஓட்டு என்ற நம்முடைய சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடப்போம். இங்கிலீஷ்காரர் ஒருவர் தமிழ் கற்க வந்தால் இந்த ஒரு சொல்லில் திணறிப் போவார். பஸ் ஓட்டினால் அவர்களுக்கு டிரைவ். சைக்கிள் ஓட்டினால் ரைட். விமானம் ஓட்டினால் ஃப்ளை. துடுப்புப் போட்டுப் படகு ஓட்டினால் ரோ. கரிசல் காட்டில் ஏர் ஓட்டினால் ப்ளவ். களத்தில் காயப்போட்ட நெல்லைக் கொத்த வரும் கோழியை ஓட்டினால் சேஸ். மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்தால் டிரைவ், பேயை ஓட்டினாலும் டிரைவ், ஆனால் பின்னாலே அவுட் சேர்க்க வேண்டும். கடை ஓட்டினால் ரன். குடும்பத்தை ஓட்டினாலும் ரன். கூட்டாளியைக் கேலி செய்து ஓட்டினால் டீஸ். கையில் காசில்லாமல் எப்படியோ இந்த மாதத்தை ஓட்டினால் அவர்கள் 'மேனேஜ்' என்பார்கள். அவர்கள் ஒன்பது சொல்லை வைத்துக்கொண்டு செய்யும் வேலையை உங்கள் அம்மா ஒரே சொல்லில் செய்துவிடுகிறார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது இங்கிலீஷின் தந்திரம், நம்மை மடக்குவதற்காகவே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

தமிழ்ப் பாடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு 'கடி' என்ற உரிச்சொல் நினைவிருக்கும். காவல், கூர்மை, அச்சம், விரைவு, புதுமை, திருமணம் என்று 13 பொருள் அதற்கு. திவாகர நிகண்டு ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் பெயர்களுக்கென்றே ஒரு தனித் தொகுதி வைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதை முடித்துக் கொடுத்த பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை நம் நெல்லைச் சீமைக்காரர். ஓடு, ஓட்டு, அடி, பிடி, எடு, போடு போன்ற சொற்களுக்கு அதில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நூலகத்துக்குப் போய் ஒரு நாள் புரட்டிப் பாருங்கள். அடி என்ற ஒன்றே போதும். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மொட்டை அடிக்கிறோம், போன் அடிக்கிறது, யோகம் அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறோம். கிரிக்கெட்டில் ரன்னைக்கூட நாம் அடிக்கத்தான் செய்கிறோம்! இதையெல்லாம் யாரும் நமக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பயமுறுத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டோம், பேசினோம், வந்துவிட்டது.

வெளியூர்க்காரருக்கு அது வராது என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் ஏறத்தாழ முப்பது வயதில்தான் தமிழ்நாட்டில் கால் வைத்தார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டியில் பணி செய்திருக்கிறார், நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அவர்தான் வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதி என்று தமிழுக்கே அகராதி எழுதிக் கொடுத்தார். காதால் கேட்டு, மக்களோடு பேசி, ஒரு சொல் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று கவனித்துக் கவனித்துக் கற்றவர் அவர். முப்பது வயதில் அவர் தொடங்கினார். உங்களுக்குப் பதினெட்டுத்தான் ஆகிறது.

ஓடும் ரன்னும் பிரிந்து போகும் இடங்களும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் நான் மறுபடியும் உங்களை ஏமாற்றியவள் ஆவேன்.

பரீட்சையில் உங்களை அதிகம் மிரட்டுவது ரன் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள்தான். ரன் அவுட், ரன் இன்டூ, ரன் ஓவர், ரன் அவே. கைடு புத்தகத்தில் வலது பக்கம் ஒரு பொருள் போட்டிருக்கும், மனப்பாடம் செய்வீர்கள், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். நம் துணைவினைகளை நினைத்துக்கொண்டால் இது பிடிபடும். 'ஓடி வந்தான்' என்றால் ஓடினான், வந்தான். 'ஓடிப் போனாள்' என்று ஊரில் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். போ என்ற சின்னச் சொல் கூடியதும் மொத்தப் பொருளும் திரும்பிவிட்டது. தீர்ந்து போச்சு, மறந்து போச்சு, உடைஞ்சு போச்சு என்கிறோமே, அங்கெல்லாம் யாரும் எங்கேயும் போகவில்லை. ஒரு காரியம் முழுசாக முடிந்துவிட்டது என்பதற்கு நாம் வைக்கும் முத்திரை அது. 'ரன் அவுட்' என்பதில் வரும் அவுட் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். தறிக்கூடத்தில் ஊடை நூல் தீர்ந்துபோனால், "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்." வீட்டில் அரிசி தீர்ந்துபோனால், யார்ன் இருந்த இடத்தில் ரைஸ். ஓடிக்கொண்டிருந்தது வெளியே போய் ஓய்ந்துவிட்டது என்ற காட்சி மனசில் நின்றால் போதும். கிரிக்கெட்டில் வரும் ரன் அவுட் வேறு. அதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு ரத வீதியில் பழைய சிநேகிதியை எதிர்பாராமல் பார்த்தால் ரன் இன்டூ. அங்கே இருவரும் நடந்துதான் வந்திருப்பீர்கள். லாரி நாய் மேல் ஏறினால் ரன் ஓவர். சர்க்கரை வியாதி குடும்ப வழியாக வந்தால் ரன்ஸ் இன் தி ஃபேமிலி. இது நம் ரத்தத்தில் ஓடுவதற்குச் சொந்தக்காரன்.

காய்ச்சல் நமக்கு அடிக்கும், இங்கிலீஷில் ரன் ஆகும். மூக்கு நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ரன் ஆகும். சாயம் நமக்கு இறங்கும் அல்லது போகும், அவர்களுக்கு அதுவும் ரன்தான். நம் ஊர்ச் சேலையை முதல் முறை துவைக்கும்போது சாயம் பக்கத்துத் துணியில் பிடித்தால், "தி கலர் ஹேஸ் ரன்." நெசவு வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். துணி வியாபாரத்தில் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

தேர்தலில் நாம் நிற்கிறோம். இங்கிலாந்துக்காரரும் ஸ்டாண்ட் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவிலோ வேட்பாளர் ரன் செய்கிறார். ஒரே மொழி பேசுகிறவர்களே நிற்கிறார்களா ஓடுகிறார்களா என்பதில் ஒத்துப்போகவில்லை. நீங்கள் தடுமாறினால் அதில் என்ன வெட்கம்?

நம் பக்கம் ஓடி அவர்கள் பக்கம் ஓடாததும் இருக்கிறது. அவசரத்தில் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கணக்குப் பரீட்சையில் மண்டை ஓடாது. சும்மா இருக்கும்போது பொழுது ஓடாது. இவற்றை ரன் போட்டு இங்கிலீஷில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது. அதனால் அவற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவை உங்கள் வீட்டுச் சொத்து. எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் போதும்.

ரன் என்ற சொல் இவ்வளவு பெருத்தது இயந்திரங்கள் வந்த பிறகுதான். அதற்கு முன்னாலும் மனிதரும் குதிரையும் ஆறும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1785இல் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு நீராவி இயந்திரம், ரயில், ஆலை என்று வந்தன. ஓடுவதற்குக் காலே வேண்டாம் என்று ஆனது. சொல்லும் அவற்றோடு சேர்ந்து ஓடியது. இப்போது கணினியில் ப்ரோகிராம் ரன் ஆகிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நாள் முழுவதும் சொல்லும் சொல் அது. அந்தச் சொல்லுக்கு இந்தப் புது வாழ்வைக் கொடுத்ததில் தறிக்கும் பங்கு இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷைர் என்ற பகுதி ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்து கொடுத்தது. அங்கே ஒரு நெசவாளி நாலு தறி பார்ப்பது வழக்கம். முதலாளிகள் எட்டுத் தறி பார்க்கச் சொன்னபோது 1931இல் பர்ன்லி நகரத்தில் பெரிய போராட்டம் வெடித்தது, ஆலைகளை அடைத்தார்கள். ஒரு மனுஷனால் நாலு தறிக்கு மேல் ஓட்ட முடியுமா என்பது அங்கே வேலை நிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் காரணமான கேள்வி. நேர்காணலில் சிரித்தவருக்கு இது தெரிந்திருந்தால், நாலு தறி என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றி மரியாதையாக இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

அவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மடல் அவர்கள் கைக்கும் போகட்டும். ஒரு பிள்ளை தன் வீட்டுத் தொழிலை அந்நிய மொழியில் சொல்ல முயலும்போது தவறு நேர்ந்தால், சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பதற்கு ஐந்து விநாடி ஆகாது. "யூ மீன் ரன்ஸ்" என்று ஒரு வார்த்தை. அவள் அன்றைக்கே கற்றுக்கொண்டு மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பாள். அவளுக்கு வேலை கிடைக்காமல் போனது எனக்குப் பெரிய வருத்தமில்லை, வேறு வேலை கிடைக்கும். அப்பா தொழிலைச் சொன்னதால்தான் சிரித்தார்கள் என்று அவள் நினைத்துவிட்டாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை. "இனிமே கேட்டா, அப்பா பிசினஸ் பண்றாகன்னு சொல்லிருதேன் டீச்சர்" என்றாள். வேண்டவே வேண்டாம் தாயி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி அவளும் நானும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். அவள் தமிழில் சொன்னாள், நான் இங்கிலீஷில் சொன்னேன், அவள் எழுதினாள். அப்பா நாலு தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டை ஓட்டுகிறார். கரண்ட் போனால் தறி ஓடாது. நூல் தீர்ந்தாலும் ஓடாது. பொங்கலுக்கு முன்னால் தறி ராத்திரியும் ஓடும். தம்பிக்குக் காய்ச்சல் அடித்தபோதும் தறி ஓடியது. ஏழெட்டு வாக்கியம் வந்தது. ஒவ்வொன்றிலும் ரன் ஒரு புது வேலை பார்த்தது. 'அம்மா வீட்டை ஓட்டுகிறார்' என்பதை "மை மதர் ரன்ஸ் தி ஹவுஸ்" என்று எழுதியதும் பேனாவை நிறுத்திவிட்டாள். "இது சரிதானா டீச்சர்? இவ்வளவு ஈசியா இருக்கு?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

இப்படித்தான் நீங்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்துச் சொல் பட்டியலை இனி நான் போர்டில் எழுத மாட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில், தறிக்கூடத்தில், பூ மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில் காதில் விழும் வாக்கியங்களில் ஓடு, ஓட்டு, அடி, பிடி, எடு, போடு வருவதை அப்படியே எழுதி வாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும். அழகாக இருக்க வேண்டாம், உண்மையாகப் பேசியதாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டு வந்தால் எதற்கு எந்த இங்கிலீஷ் சொல் வரும், எங்கே பிரிந்து போகும் என்று சேர்ந்து பார்ப்போம். எனக்கே தெரியாதது வந்தால் அகராதியை எடுத்துப் பார்ப்போம். அப்படி வரும் சொல்தான் எனக்கும் சந்தோஷம். கட்டணம் கிடையாது. பரீட்சையில் தோற்றவர்களும் வரலாம், வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். தறியிலிருந்து நேரே வந்தால் கை கால் கழுவிக்கொண்டு உட்காருங்கள், அவ்வளவுதான்.

நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் வேறு எதையும் எழுத வேண்டாம். உங்கள் அப்பாவோ அம்மாவோ என்ன வேலை செய்கிறார் என்பதை ஒரு வரி தமிழிலும் ஒரு வரி இங்கிலீஷிலும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்
சங்கரன்கோவில்